ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

கீழ்வேளூர்
6.2.2024

அன்புள்ள எழிலுக்கு,

அண்ணன் இளம்பரிதி எழுதுவது. இங்கே அம்மா, நான், உன் அண்ணி மூவருக்கும் உடம்பு சௌகரியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனி முடியும்வரை இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீயும் மாப்பிள்ளை இனியவனும் அங்கே கோயம்புத்தூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "யாரு, எழிலா? என்னவாம்?" என்று கேட்பாள். இது அவள் காதில் விழ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் இணைப்பில் உன் கதை வந்திருக்கிறது. எனக்கு முன்பே கொள்முதல் நிலையத்தில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். ஈரப்பதம் கூடுதல் என்று நம் நெல்லை எடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள், நான் குவியலுக்குக் காவல் கிடக்கிறேன். அங்கே மருதையன் வந்து, "ஏம்ப்பா, அம்மாவுக்குக் கொல்லையிலதான் சோறா?" என்று கேட்டான். பிறகுதான் வாங்கிப் படித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிற மகள் 'நான்' என்று சொல்லிக்கொண்டு அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அம்மா கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நெளிந்த அலுமினியத் தட்டில் சாப்பிடுகிறாள். காலடியில் கோழி மேய்கிறது. உள்ளே மருமகள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து டிவி பார்த்துச் சிரிக்கிறாள். மகள் அழுதுகொண்டே பஸ் ஏறுகிறாள். கதை முடிந்துவிட்டது.

எழில், அந்தக் கல்லைக்கூட நீ மாற்றவில்லை. நீ பொங்கலுக்கு வந்திருந்த அன்றைக்குக் கொல்லைத் தளத்தில் நெல் காய்ந்தது. கோழியை விரட்ட அம்மாதான் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். டேபிளில் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது என்பாள். வீட்டில் எவர்சில்வர் தட்டு அடுக்கடுக்காக இருக்கிறது, அவள் அந்த அலுமினியத் தட்டைத்தான் தேடி எடுப்பாள். இதெல்லாம் உனக்குத் தெரியாதா?

உன் அண்ணி அங்கன்வாடியிலிருந்து வந்து பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அண்ணன்
இளம்பரிதி

•

கோயம்புத்தூர்
15.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சலிப்பாக இருந்தது. கதையில் வரும் 'நான்' நான் இல்லை அண்ணா. அவள் இரண்டு நாள் விருந்தாளியாக வருகிற ஒருத்தி. ஜன்னல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இவள் சொல்வதை நம்பலாமா என்று வாசிக்கிறவர் சந்தேகப்பட வேண்டும். அதற்காகத்தான் கோழியைக் காலடியில் விட்டேன். கோழி அங்கே எதற்கு வந்தது என்று ஒருவர் யோசித்தால் போதும், காய்கிற நெல் அவருக்குத் தெரிந்துவிடும். நெல்லை நானே எழுதிவிட்டால் அது கதை இல்லை, விளக்கக் குறிப்பு.

மருமகளைக் கொடுமைக்காரி என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சிரித்தாள் என்றுதான் எழுதினேன். மீதியை அந்த மகள் நினைத்துக்கொள்கிறாள்.

எத்தனையோ பேர் போன் செய்து அழுதார்கள். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இப்போதுதான் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள்.

அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார். நெல்லை எடுத்துவிட்டார்களா?

தங்கை
எழில்மொழி

•

கீழ்வேளூர்
27.2.2024

அன்புள்ள எழிலுக்கு,

தைலம் வந்தது. நெல்லையும் ஒருவழியாக எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

கோழியை வைத்து நெல்லைக் கண்டுபிடிக்கிற வாசகர் கீழ்வேளூரில் யாரும் இல்லை. உனக்குப் போன் செய்து அழுதவர்களில் எத்தனை பேர் கோழியைப் பற்றிக் கேட்டார்கள்? ஒருவராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்.

இங்கே நடப்பதைக் கேள். அங்கன்வாடியில் பிள்ளையை விட வந்த ரஹ்மத் பீவி உன் அண்ணியிடம், "டீச்சர், மாமியார் மனசு நோகாம பாத்துக்குங்க" என்று சொன்னார்களாம். நல்ல மனுஷி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். உன் அண்ணி வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து டேபிளில் உட்கார வைத்தாள். புதுத் தட்டு போட்டாள். அம்மா, "எனக்கு அங்கதான் இறங்கும், விடும்மா" என்றாள். "இறங்கலன்னாலும் இங்கதான் சாப்பிடணும் அத்தை. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் இவள். அன்றிலிருந்து தினமும் இதுதான். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறாள். இவளும் சாப்பிடுவதில்லை. நடுவில் நான் மட்டும் வெட்கமில்லாமல் சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சொல்றத நம்பக் கூடாதுன்னா வேற யாரு சொல்றதக் கேக்கறது? கதையில வேற யாருமே பேசலையே" என்றாள். உனக்குப் பதில் தெரிந்தால் அவளுக்கே எழுது. என்னை நடுவில் விடாதே.

அண்ணன்
இளம்பரிதி

•

கோயம்புத்தூர்
12.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வெயில் ஏறிவிட்டது. அங்கன்வாடிக்கு நடந்து போகாமல் அண்ணனை வண்டியில் கொண்டுவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் அதே கதையைத் திரும்ப எழுதினேன். அதே பொங்கல், அதே வீடு, ஆனால் இந்தத் தடவை பேசுவது மருமகள். மகளுக்கு ஜன்னல் காட்டாததையெல்லாம் இவள் சொல்கிறாள். விடிவதற்கு முன் எழுந்தது, தனி ஆளாகச் சமைத்தது, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிப்போன சோற்றோடு உட்கார்ந்தது, எல்லாம் வருகிறது. படித்தால் உங்கள் கோபம் தணியும் என்று நினைக்கிறேன். இணைத்திருக்கிறேன். இதையும் பேப்பருக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அம்மாவை அவள் விருப்பப்பட்ட இடத்தில் சாப்பிட விடுங்கள் அண்ணி.

அன்புடன்
எழில்

•

கீழ்வேளூர்
3.4.2024

எழிலுக்கு,

அண்ணி எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு.

உன் புதுக் கதையைப் படித்தேன். தயவுசெய்து எங்கேயும் அனுப்பாதே. முதல் கதையில் நான் கல்நெஞ்சுக்காரி. இதில் முதல் பக்கத்திலேயே அழுகிறேன். ரசம் கொதிக்கும்போது அழுகிறேன், கோலம் போடும்போது அழுகிறேன். பொங்கலன்று அழுவதற்கு எனக்கு ஏது நேரம்? 'என் தியாகத்தை யார் அறிவார்' என்று ஒரு வரி வைத்திருக்கிறாய். அத்தைக்குச் சோறு போடுவது தியாகமா? சிரித்ததற்கும் உள்ளுக்குள் ஒரு சோகம் கண்டுபிடித்திருக்கிறாய். டிவியில் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அவ்வளவுதான். என்னை 'நான்' என்று பேச வைத்துவிட்டு நீயே பேசுகிறாய். இதற்கு முதல் கதையே தேவலை. அதில் வாயை மூடிக்கொண்டாவது இருந்தேன்.

இன்னொன்று. உன் அண்ணன் கோழிக்காக அத்தை கொல்லைக்குப் போகிறார் என்கிறார். கால் வீக்கம் என்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. மாமா இருந்தவரை அத்தை உள்ளேதான் சாப்பிட்டார். கதவு மூடியிருந்தாலும் சாப்பிட்டார். மாமா இறந்த பிறகு கோயம்புத்தூரில் உன்னோடு மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தாரே, வந்த அன்று தட்டை எடுத்துக்கொண்டு நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போனார். அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம். அங்கே என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உன் கதையில் ஒரு மகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், பிறகு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அவளுக்கு வீடே இல்லையா? இருந்தால் அந்த வீட்டில் அவள் அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள்?

அத்தையை மறுபடி கொல்லையிலேயே சாப்பிட விட்டுவிட்டேன். ஊர் பேசினால் பேசட்டும்.

அண்ணி
சுடர்விழி

•

கோயம்புத்தூர்
22.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பதில் எழுதி நாளாகிவிட்டது. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை, அதன்பின் இனியவனுக்குக் காய்ச்சல், எழுத உட்காரவே முடியவில்லை. இப்போது அவர் தேறிவிட்டார். அண்ணியின் கடிதம் கிடைத்தது. இரண்டாவது கதையைக் கிழித்துப் போட்டுவிட்டேன், சொல்லிவிடுங்கள்.

ஒரு செய்தி. முதல் கதையை ஒரு கல்லூரியில் முதலாமாண்டுத் தமிழ்ப் பாடமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரிதான். அனுமதி கேட்டபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சரியாகப் படிப்பார்கள், கதையைச் சொல்கிறவள் யார் என்று கேட்கப் பழகுவார்கள். நீங்களே பார்க்கத்தான் போகிறீர்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? அம்மாவுக்குப் பழைய மாத்திரையே தொடரட்டும்.

தங்கை
எழில்மொழி

•

கீழ்வேளூர்
9.10.2024

அன்புள்ள எழிலுக்கு,

நாங்கள் நலம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? தண்ணீர் பிந்தித்தான் வந்தது. நடவு முடிந்துவிட்டது, மழைக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

பார்க்கத்தான் போகிறீர்கள் என்று எழுதினாய். பார்த்துவிட்டேன்.

எதிர்வீட்டு செம்மொழி அந்தக் கல்லூரியில்தான் முதலாமாண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு மாலையில் பாடப் புத்தகத்தோடு வந்தாள். பரீட்சைக்கு வரப்போகிற கேள்வி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். 'மருமகளின் கல்நெஞ்சைச் சான்றுகளுடன் விளக்குக. பத்து மதிப்பெண்.' அதைச் சுடர்விழி எதிரிலேயே வாசித்தாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது.

அம்மா, "என்ன கதடி அது, படி கேப்போம்" என்றாள். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அந்தப் பெண் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சுடர்விழி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா முழுக்கக் கேட்டாள். துவைக்கிற கல் வந்தது, தட்டு வந்தது, கோழியும் வந்தது. முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் அந்தக் கெழவி. அந்த மருமவள நிக்க வச்சு நாலு அறை விடணும்."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடர்விழி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரு எழுதுனது?" என்று கேட்டாள் அம்மா.

"எழில்தாம்மா" என்றேன்.

"நல்லா எழுதியிருக்கா. யாரு வீட்டுல நடந்துச்சாம்?"

நான் எழுந்து வயலுக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய? அது தன் கதை என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அவளும் உன் ஜன்னலில் நின்றுதான் பார்த்தாள்.

செம்மொழிக்கு விஷயத்தைப் பிறகு சொன்னேன். கெட்டிக்காரப் பெண், பரீட்சையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள். சொல்கிற மகள் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை, கொல்லைக்குப் போய் அம்மாவிடம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆகவே மருமகளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாளாம். நீ சொன்னதேதான். பத்துக்கு இரண்டு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் 'கேட்ட கேள்விக்கு விடை எழுதவும்' என்று இருக்கிறது. விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். என்னைத்தான் முறைத்தாள்.

இதற்கு என்ன செய்யப் போகிறாய்?

அண்ணன்
இளம்பரிதி

•

கோயம்புத்தூர்
16.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அறுப்பு முடிந்து அண்ணன் கொஞ்சம் மூச்சு விடுகிறாரா?

அண்ணன் கடிதம் வந்ததும் அந்தக் கல்லூரிக்கு எழுதினேன். கேள்வியே தவறு, கதை அதைச் சொல்லவில்லை, செம்மொழி எழுதியதுதான் சரி என்று விளக்கினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். 'விடைக்குறிப்பு ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டுவிட்டது. கதாசிரியரின் கருத்து தேர்வுக்குப் பொருந்தாது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கதையை எழுதினவள் நான். என் கருத்து பொருந்தாதாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கதைகள் புத்தகமாக வருகின்றன. இந்தக் கதையும் அதில் இருக்கும். மகள் பஸ் ஏறிய பிறகு ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. இதைப் படியுங்கள்.

'என் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. காலையில் நானும் கணவரும் கிளம்பும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவோம். உள்ளிருந்து அந்தப் பூட்டைத் திறக்க அம்மாவுக்கு வராது. மேசையில் சோற்றை மூடி வைத்திருப்பேன். மாலையில் வந்து பார்த்தால் பாதி நாள் அப்படியே இருக்கும். "பசிக்கலம்மா" என்பாள். ஒருநாள் எதிர் ஃபிளாட் பெண் என்னை நிறுத்திச் சொன்னாள், உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்கிறார், எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று. எனக்கு அவமானமாகிவிட்டது. உள்ளே போய் அம்மாவைத்தான் திட்டினேன். அதன்பிறகு அம்மா கதவுப் பக்கம் போகவில்லை.'

சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

எழில்

•

கீழ்வேளூர்
30.3.2025

அன்புள்ள எழில்,

அண்ணி எழுதுகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள். போனில் உன் குரல் சரியில்லை என்று உன் அண்ணன் சொன்னார்.

நீ அனுப்பியதைப் பலமுறை படித்தேன். சரியாக இருக்கிறதா என்று நான் எப்படிச் சொல்வது? அங்கே இருந்தது நான் இல்லை. உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், எழில் கதையில் கொஞ்சம் சேர்த்திருக்கிறாள், படிக்கவா என்று கேட்டேன். படி என்றார்.

பூட்டிக்கொண்டு போவோம் என்ற இடத்திலேயே முறம் நின்றுவிட்டது. நான் படித்து முடித்தேன். பிறகு, "இது நாந்தானே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"இத எதுக்கு எழுதுறா? ஊருல எல்லாரும் அவளத்தான் திட்டுவாங்க. வேலைக்குப் போற புள்ள என்ன பண்ணும்? எடுத்துடச் சொல்லு."

எனக்குச் சுரீர் என்றது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "அப்ப அந்த மருமவளத் திட்டுனா மட்டும் பரவால்லியா அத்தை?" என்று கேட்டேன்.

"எந்த மருமவ?"

"கல்லுல உக்கார வச்சு சோறு போட்டாளே, அவ."

"அது கதைதானேம்மா. இது நெசம்" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

அந்த மருமகள் நான் என்பது அவருக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லை, எழில். நாலு அறை விடணும் என்றவர் என் கையால்தான் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, எரிச்சல்பட வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. அன்று ராத்திரி அவருக்குத் தைலம் தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

அந்தப் பகுதியை எடுத்தால் ஊர் என்னைப் பேசும். வைத்தால் உன்னைப் பேசும். எடு என்றும் சொல்ல மாட்டேன், வை என்றும் சொல்ல மாட்டேன். அத்தை எடுக்கச் சொன்னதை மட்டும் உனக்குச் சொல்லிவிட்டேன்.

அண்ணி
சுடர்விழி

•

கோயம்புத்தூர்
27.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

புத்தகம் அச்சாகிவிட்டது. முதல் பிரதி உங்கள் பெயருக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் வாங்கிப் படித்துவிட்டு மறுநாள் என் மேசைக்கு வந்தாள். "மேடம், அம்மாவ உள்ள வச்சுப் பூட்டிட்டா வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மத்தியானம் அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

அந்தப் பகுதியை எடுக்கவில்லை அண்ணி. எடுத்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

எழில்